மூன்று எண்ணும் வரை

போர்சோக் மாவுத் துண்டுகள் எண்ணெயில் உப்பி மேலே வந்துகொண்டிருந்தபோது ஊல்கான் அத்தை புருலின் கையிலிருந்து ஜல்லிக்கரண்டியைப் பிடுங்கினாள்.

“ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? உங்கப்பா கீழ கூடாரத்துல படுத்திருக்காரு. பெத்த மக மூணாவது மாடியில நின்னு பலகாரம் சுட்டுக்கிட்டிருக்கா!”

“இன்னும் ஒரே ஒரு ஈடு இருக்கு அத்தை.”

“ஈடும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வீட்டுக்காரி பாத்துக்குவா. ஜனம் வந்துக்கிட்டே இருக்கு. கூடாரத்துக்குள்ள ஒப்பாரிச் சத்தமே இல்லை. செத்தது மனுஷனா பூனையான்னு கேக்க மாட்டாங்களா?”

அந்த வீட்டுக்காரி அதற்குள் கரண்டியை வாங்கிக்கொண்டிருந்தாள். சாவு விழுந்துவிட்டால் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுச் சமையலறையும் ஒரே சமையலறைதான். மூன்றாம் மாடியில் போர்சோக், நான்காம் மாடியில் குதிரைக் கறி, முதல் மாடியில் தேநீர். புருலின் அப்பா எசென்குல் இறந்து இது மூன்றாம் நாள். காலையிலேயே வாடகை லாரியில் கம்பளிக் கூடாரம் வந்து, முற்றத்தில் குழந்தைகளின் ஊஞ்சலுக்கும் கார் கொட்டகைகளுக்கும் நடுவில் எழுந்துவிட்டது. நகரத்தில் பிறந்து நகரத்திலேயே கிழவனானவனும் கம்பளிக் கூடாரத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றிலும் பேச்சுக்கு இடமில்லை. மகள் கூடாரத்துக்குள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்பாவின் வாழ்க்கையை ஒப்பாரியாகப் பாட வேண்டும். வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி பாட வேண்டும். உடலைத் தூக்கும்போது அவளுடைய குரல்தான் வழியனுப்ப வேண்டும்.

புருலுக்கு நாற்பத்தெட்டு வயது. நகரத்தின் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கண்ணாடிக் குழாய்கள் கேள்வி கேட்காது என்பதே அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது. மினி பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் “நிறுத்துங்க!” என்று டிரைவருக்குக் கேட்கக் கத்த வேண்டும் அல்லவா? புருல் கத்த மாட்டாள். வேறு யாராவது கத்தும் வரை காத்திருந்து, அவர்களோடு இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பாள். இப்படி ஒருத்தி எசென்குலுக்கு வந்து பிறந்தாளே என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்கள். நாட்டுக்கே பேசச் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர்.

நடிகராகப் பதினோரு வருஷம், பத்திரிகையில் பத்து வருஷம், அப்புறம் அரசாங்கத்தில் மந்திரிகளுக்கு அறிக்கை எழுதும் வேலை. அறுபது வயதுக்கு மேல், எல்லோரும் ஓய்வு பெற்று ஆப்பிள் மரம் வளர்க்கும் காலத்தில், ‘மக்கள் முன் பேசுவது எப்படி’ என்று கம்பெனி முதலாளிகளுக்கு வகுப்பு எடுக்கக் கிளம்பினார். வங்கிக்காரர்கள் வந்தார்கள், சிமெண்டு ஆலைக்காரர்கள் வந்தார்கள். அப்போது ஒரு நாள் புருல் தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, “எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா” என்று கேட்டாள். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “உனக்கு எதுக்கும்மா?” என்றார். அவ்வளவுதான். இவளுக்கு அது தேறாது என்று நினைத்துவிட்டார் போல. அந்த முள் இருபது வருஷமாக உள்ளேயே இருந்தது.

“இந்தா,” அத்தை ஒரு தாளை நீட்டினாள். “பேத்தி போன்ல தேடி எடுத்துக் குடுத்தா. ஒப்பாரி. ராகம் உனக்குத் தெரியும். பேரை மட்டும் மாத்திப் பாடினாப் போதும்.”

புருல் முதல் வரியைப் படித்தாள். சிகரத்தில் கூடு கட்டிய பருந்தே என்று இருந்தது.

“அப்பாவுக்குப் பால்கனியில நின்னாலே தலை சுத்தும் அத்தை.”

“செத்தவங்க எல்லாரும் பருந்துதாண்டி. வாயை மூடிக்கிட்டு வா. சீ, வாயைத் திறந்துக்கிட்டு வா!”

*

மாடிப்படியில் ஸ்தெபான் நின்றிருந்தார். தரைத்தளத்துக்காரர். முப்பத்தைந்து வருஷம் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எசென்குல் கடைசி மூச்சை விட்டபோது எதிரில் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இந்த இரண்டு நாளில் அதை அறுபது பேரிடமாவது சொல்லியிருப்பார். கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். காலில் மட்டும் வீட்டில் போடும் நீலச் செருப்பு.

“புருல், கண்ணு, ஞாபகம் வந்துச்சா?”

“இல்லை மாமா.”

“நல்லா யோசிச்சுப் பாரும்மா. உன்னைப் பத்தித்தானே சொல்லிக்கிட்டிருந்தாரு. நீ முதல் வகுப்புல சேந்த அன்னிக்கு, எல்லாப் பிள்ளைங்களையும் எழுப்பி, ‘உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு’ன்னு வாத்தியாரம்மா கேட்டாங்களாம். ‘அதுக்கு என் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா ஸ்தெபான்?’னாரு. சொல்லிட்டு நிறுத்தினாரு.”

“தெரியும் மாமா. சொன்னீங்க.”

“அவரு நிறுத்துவாரே, உனக்குத் தெரியாதா? நல்ல இடம் வந்தா நிறுத்தி ஆளைத் தவிக்க விடுவாரு. நானும் காத்திருந்தேன். இருபது வரைக்கும் எண்ணினேன். அடடா, இன்னிக்குப் பிரமாதமா நிறுத்துறாரேன்னு நெனச்சேன்மா! என் குதிரையை நகத்தி வெச்சுட்டு நிமிந்து பாக்குறேன், முகத்துல அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கு. ஆளு இல்லை.”

ஸ்தெபான் மூக்கைச் சிந்தினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“எம்பத்தொரு வயசுல, பல்லு வலி கூட இல்லாம, பாதிக் கதையில! எனக்கும் அப்படி ஒரு சாவு வந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா மீதிக் கதையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீ என்னதாம்மா சொன்னே?”

புருலுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. வகுப்பறையின் எண்ணெய் பூசிய மரத்தரை ஞாபகம் இருந்தது. தலையில் அம்மா கட்டிவிட்ட பெரிய வெள்ளை ரிப்பன் ஞாபகம் இருந்தது. சொன்ன வார்த்தை மட்டும் வரவில்லை. அப்பாவைக் கேட்கலாம் என்று அவளையும் மீறி ஒரு கணம் நினைத்தாள்.

*

கூடாரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார். இந்தப் பக்கம் பெண்கள். புருல் வாசலுக்கு முதுகைக் காட்டிக் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். காற்றுக்காகச் சுவரின் அடிப்பகுதியை ஒரு சாண் சுருட்டி விட்டிருந்தார்கள். அந்த இடுக்கில் முற்றத்தில் நடமாடும் கால்கள் மட்டும் தெரிந்தன. மடியில் அத்தை கொடுத்த தாள். யாராவது வந்தால் மற்ற பெண்கள் குரல் எடுத்தார்கள். அவளும் உதடுகளை அசைத்தாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூட அது கேட்டிருக்காது.

வாசலில் அவளுடைய தம்பி தலாய், இடுப்பில் கச்சை கட்டி, கோலில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தான். ஆண்கள் தெருவிலிருந்து நுழையும்போதே உரக்க அழுதபடிதான் வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பலர் இதற்கு வெட்கப்பட்டு இருமலும் அழுகையுமாக ஏதோ செய்து சமாளிப்பார்கள். நாடகக் கம்பெனிக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள் பாருங்கள், அது அழுகை! நான்கு மாடி பால்கனிகளிலும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அதில் ஒருவர் சரியாக ஊஞ்சலுக்குப் பக்கத்தில் முழங்கால் மடங்கி விழுந்தார். விழுவதற்கு முன் அங்கே சேறு இருக்கிறதா என்று கால் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டதைப் புருல் இடுக்கு வழியே பார்த்தாள்.

அப்புறம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அரசாங்கக் கார் ஒன்று வந்தது. கம்பெனி முதலாளிகள் பளபளக்கும் காலணிகளோடு வந்தார்கள். வந்ததுமே சண்டை. உடலை எடுக்குமுன் யார் பேசுவது என்று.

“எசென்குல் முதல்ல நடிகன். அதனால நான்தான்” என்றது வயதான நடிகர் சாதிக்கின் கனத்த குரல்.

“வசனமே இல்லாத நடிகன்! அவருக்குப் பேர் வந்தது எங்க பத்திரிகையில” என்றார் ஆசிரியர்.

“அரசாங்க மரியாதைன்னு ஒண்ணு இருக்கு” என்றார் முன்னாள் மந்திரி.

முல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஆளுக்கு நாலு வார்த்தை. அஞ்சாவது வார்த்தை பேசினா நான் தொழுகையை ஆரம்பிச்சுடுவேன்.”

சாதிக்தான் முதலில் முன்னால் வந்தார்.

“எசென்குல் பதினோரு வருஷம் என்கூட மேடையில நின்னான்.” நிறுத்தினார். முற்றம் அமைதியானது. எங்கோ ஒரு பால்கனியில் துணி படபடத்தது. “அதுல ஒன்பது வருஷம் அவனுக்கு வசனமே கிடையாது. ஒரு நாடகத்துல பிணமா நடிச்சான். இன்னிக்கு மாதிரியேதான், சிரிச்சுக்கிட்டே. டைரக்டர் திட்டின திட்டு இருக்கே!”

மரியாதையாக நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்து ஆசிரியர்.

“எசென்குல் எங்க பத்திரிகைக்கு வந்தப்போ அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது.” நிறுத்தினார். அதே அளவு நேரம். “பத்து வருஷம் கழிச்சுப் போறப்பவும் தெரியாது. வாயால சொல்லிக்கிட்டே நடப்பாரு. ஆபீஸ் மொத்தமும் வேலையை விட்டுட்டுக் கேக்கும்.”

இந்த முறை கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. மூன்றாவதாக மந்திரி தொண்டையைச் செருமினார்.

“நான் மந்திரியா இருந்த மூணு வருஷமும், என் வாயிலேருந்து வந்த ஒவ்வொரு நல்ல வார்த்தையும் எசென்குல் எழுதினது.”

நிறுத்தினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஸ்தெபானின் குரல். ரகசியமாகச் சொல்வதாக நினைத்திருப்பார். பாதி முற்றத்துக்குக் கேட்டது.

“தப்பா வந்ததெல்லாம் நானே சொந்தமா சொன்னது” என்று முடித்தார் மந்திரி.

முற்றம் வெடித்துச் சிரித்தது. கூடாரத்துக்குள் பெண்கள் தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் குலுங்கினார்கள். அப்போது உள்ளே எட்டிப் பார்த்த யாரோ ஒருவர், “பாவம், எப்படி அழறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஊல்கான் அத்தைக்கு மூச்சே திணறிவிட்டது.

“மக்களே,” என்று, உடலை எடுக்குமுன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத் தொடங்கினார் முல்லா. “எசென்குல் எப்படிப்பட்ட மனுஷன்?”

அவரும் நிறுத்தினார்! நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அடியே, இவருமா?” என்று அத்தை கிசுகிசுத்தாள். “வெள்ளிக்கிழமை பிரசங்கத்துல ஜனம் தூங்குதுன்னு யார்கிட்டயோ யோசனை கேட்டாருன்னாங்க. நம்ம அண்ணன்கிட்டயா?”

“நல்ல மனுஷன்!” என்று முற்றம் ஒரே குரலில் சொன்னது. அதில் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது.

புருலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெயர் மீரிம் என்றும், பால் பண்ணை ஒன்றை நடத்துகிறாள் என்றும் வரும்போது சொல்லியிருந்தாள். போன வருஷம் எசென்குலிடம் படித்தவள்.

“முதல் வகுப்புலயே எங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாரு அக்கா. ஒரு வார்த்தை சொல்லு, நிறுத்து, மூணு எண்ணு, அப்புறம் உண்மையைச் சொல்லு. ‘ஆனா இது என் சொந்தச் சரக்கு இல்லை’ன்னாரு.”

“பின்ன?”

“‘எங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. ரொட்டி வேணுமான்னு கேட்டாலும் மூணு எண்ணுற வரைக்கும் பேச மாட்டா. வீடே காத்துக்கிட்டு நிக்கும். அப்புறம் சொல்லுவா. சொன்னா அதுல பொய் இருக்காது. மேடை, பத்திரிகை, மந்திரி ஆபீஸ்னு நான் எங்கெங்கயோ தேடினது எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில இருந்துச்சு’ன்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு நீங்கதானே?”

புருல் பதில் சொல்லவில்லை. கம்பளிச் சுவரைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றாள்.

“அட, அதேதான்!” என்று மீரிம் தன் தொடையில் தட்டிச் சிரித்தாள். “எங்களுக்கு இதைக் கத்துக்க ஆறு வாரம் ஆச்சு!”

உனக்கு எதுக்கும்மா. இருபது வருஷமாக அந்த இரண்டு சொல்லைத் தப்பான இடத்தில் வைத்திருந்தாள். புருலுக்கு அழுகை வந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாகச் சத்தமாக வந்தது. அதோடு சேர்ந்து ஒரு பெரிய சந்தோஷமும் வந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நுழையும் அரவம் கேட்டது. “தூக்குங்க” என்றான் தலாய்.

“இப்பத்தான், இப்பத்தான்!” அத்தை அவள் தோளைக் கிள்ளினாள். “பாடுடி!”

புருல் தாளைப் பிரித்தாள். பருந்து அங்கேயே இருந்தது. தாளை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்தாள். வாயைத் திறந்தாள். குரல் நடுங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வந்தது.

“ஒன்பது வருஷம் மேடையிலே
ஊமையாக நின்னவரே, என்னப் பெத்த அப்பா!
ஊருக்கெல்லாம் வாய் குடுத்து
ஓஞ்சு வந்து படுத்தவரே, என்னப் பெத்த அப்பா!
பால்காரி பேச்சு உங்க பேச்சு,
மந்திரி பேச்சும் உங்க பேச்சு, என்னப் பெத்த அப்பா!”

“ஆமா, ஆமா” என்று மீரிம் விசும்பினாள். பெண்கள் சுருதி கூட்டினார்கள். இடுக்கின் வழியே, உடலைத் தூக்கியவர்களின் கால்கள் கூடாரத்தைச் சுற்றி முற்றத்துக்கு வருவது தெரிந்தது. பளபளக்கும் காலணிகளும் சேறு படிந்த பூட்சுகளும் ஒன்றையொன்று மிதிக்காமல் பார்த்துக்கொண்டு நடந்தன.

“உச்சியிலே ரிப்பனோட
ஒண்ணாப்புல விட்டவரே, என்னப் பெத்த அப்பா!
உங்கப்பா என்ன வேலைன்னு
வாத்தியாரம்மா கேட்டாளே, என்னப் பெத்த அப்பா!”

அங்கே நின்றுவிட்டாள்.

வேண்டுமென்று நிறுத்தவில்லை. அதற்கு மேல் அவளிடம் வார்த்தை இல்லை. கூடாரத்தில் சத்தமில்லை. முற்றத்திலும் சத்தமில்லை. தலாயின் அழுகை கூட நின்றிருந்தது. இடுக்கில் பார்த்தாள். உடலைத் தூக்கியிருந்த கால்கள் எல்லாம் நடுவழியில் நின்றிருந்தன. அவளுடைய அப்பாவிடம் படித்த கால்கள் அவை. அவற்றுக்குக் காத்திருக்கத் தெரியும்.

எண்ணெய் பூசிய மரத்தரை. வெள்ளை ரிப்பன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. கதவுக்கு வெளியே, கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒட்டுக்கேட்கும் அப்பா.

பாட்டாக வரவில்லை. பேச்சாகத்தான் வந்தது. மினி பஸ்ஸில் ஒரு நாளும் வராத குரலில், ஊஞ்சல் வரைக்கும் கேட்கும்படி வந்தது.

“எங்கப்பா பகலெல்லாம் வேற யாராவதா இருப்பாரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கப்பாவா இருப்பாரு.”

அன்றைக்கு இதைத்தான் சொன்னாளா, இப்போதுதான் தோன்றியதா என்று அவளுக்கே தெரியாது.

முற்றத்தில் ஒரே ஒரு ஆள் சிரித்தார். வயிற்றிலிருந்து வந்த பெரிய சிரிப்பு. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார். “அதானே!” என்றார் ஸ்தெபான். “அதானே!”

இடுக்கில் தெரிந்த கால்கள் மறுபடி நடக்கத் தொடங்கின. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. புருல் குனிந்து, கன்னம் புல்லில் படும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். காலணிகளுக்கும் பூட்சுகளுக்கும் நடுவில் புகுந்து, முன்னால் நின்ற யாரையோ நகரச் சொல்லி, நீலச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் சுமப்பவர்களோடு சேர்ந்துகொண்டன. ஊஞ்சலைத் தாண்டி, கார் கொட்டகைகளைத் தாண்டி, அவை தெருவுக்குத் திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.